பல் வெண்மையாக்கல்: நாற்காலியில் உட்காரும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பல் வெண்மையாக்கலின் முடிவில் பெரும்பகுதி, வெளுக்கும் ஜெல் பல்லில் படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கறை பல்லின் மேலே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா, சொத்தையோ விரிசலோ உண்டா, முன்பற்களில் எத்தனை அடைப்புகள் இருக்கின்றன என்ற மூன்றும் தெரிந்தால் என்ன கிடைக்கும், எத்தனை நாளாகும், எவ்வளவு கூசும் என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். கல்யாணத் தேதி குறித்ததும் கைப்பேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வாயைத் திறந்து காட்டுவது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை மாற்றுவதற்காகவே இந்தக் குறிப்பு.

கறை எங்கே இருக்கிறது

மேலே படிந்த கறை வேறு, உள்ளே ஊறிய நிறம் வேறு. தேத்தண்ணி, கோப்பி, சிகரெட், வெற்றிலை பாக்கு, சில வகை இரும்புச்சத்து மருந்துகள், ஈறு நோய்க்குக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி ஆகியவை எல்லாம் பல்லின் மேல்பரப்பில்தான் முதலில் ஒட்டுகின்றன. தினமும் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கும் குவளையின் உள்பக்கம் பழுப்பேறுவதைப் போன்றதுதான் இது. இந்தக் கறையை எடுக்க ஜெல் தேவையில்லை. ஸ்கேலிங்கும் (பல்லில் இறுகிய காரையை எடுப்பது) பாலிஷிங்கும் (மேல்பரப்பை மெருகேற்றுவது) போதும். காரை நீங்கிய பல்லைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வெண்மையாக்கலே வேண்டாம் என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அதுவே நல்ல முடிவு. பணமும் மிச்சம், கூச்சமும் இல்லை.

உள்ளே ஊறிய நிறத்துக்குத்தான் ஜெல். பல்லின் வெளி ஓடான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள். நாம் காணும் மஞ்சளில் பெரும்பங்கு அதற்கு அடியில் இருக்கும் டென்டினுடையது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் தடித்து நிறம் கூடுகிறது. ஜெல்லில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் எனாமலைக் கடந்து டென்டின் வரை போகிறது. அங்கே நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்து, நிறமற்ற சிறு துண்டுகளாக்குகிறது. பல்லைச் சுரண்டுவதோ மேலே வெள்ளை பூசுவதோ இதில் இல்லை. அதனால்தான் போலிப் பல், கிரௌன் (பல்லை மூடும் உறை), வெனியர் (முன்பல் மேல் ஒட்டும் மெல்லிய ஓடு), பல் நிற அடைப்பு எதுவும் இந்த ஜெல்லால் வெளுக்காது. முன்பல் ஒன்றில் பத்து வருடப் பழைய அடைப்பு இருந்தால், சுற்றியுள்ள பல் வெளுத்த பிறகு அது மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும். இதை முதல் நாளே சொல்லாத கிளினிக்கில் பணம் கட்ட வேண்டாம்.

மஞ்சள் சாயல் நன்றாக வெளுக்கும், பழுப்பு ஓரளவுக்கு. சாம்பலும் நீலமும் கலந்த நிறம் மிக மெதுவாகத்தான் அசையும். கோரைப்பல் எப்போதும் பக்கத்துப் பல்லைவிட ஒரு படி மஞ்சளாகத்தான் இருக்கும், அதன் டென்டின் தடிமன் அப்படி. ஈறை ஒட்டிய பகுதியில் எனாமல் மெல்லியது, அங்கேயும் முழு வெண்மை வராது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் அந்த வேர்ப்பகுதி வெளுக்கவே வெளுக்காது. வேருக்கு எனாமலே கிடையாது.

முதல் சந்திப்பில் பார்க்க வேண்டியவை

வெற்றிலை போடும் பழக்கம் உள்ள குடும்பங்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும், இந்தக் குறிப்பில் மிக முக்கியமானதும் இதுதான். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. புகையிலை சேர்க்காமல் போடும் வெற்றிலைக்கும் இது பொருந்தும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. தோட்டங்களில் தலைமுறையாக வந்த வெற்றிலைப் பழக்கம் அதற்கு ஒரு பெரிய காரணம். பல்லின் கறுப்புக் கறையைப் போக்க வந்தவருடைய கன்னத்தின் உட்புறத்தில், துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் ஜெல்லைத் தொடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், மிளகாய்க் காரம் பட்டாலே தாங்க முடியாத எரிச்சல், வாய் முன்போல் திறக்காமல் இறுகுவது ஆகியவையும் அறிகுறிகள். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வெண்மையாக்கலை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே வாய்ப் பரிசோதனை உண்டு, வேண்டுமானால் மருத்துவமனை நிபுணருக்கு அனுப்பி வைப்பார்கள். தாத்தா பாட்டியையும் கூடவே அழைத்துப் போவது இன்னும் நல்லது.

அடுத்தது சொத்தை. ஓட்டை விழுந்த பல்லில் பெராக்சைடு நேராக நரம்புக்குப் போய்விடும், அந்த வலி சாதாரணக் கூச்சம் இல்லை. கசியும் பழைய அடைப்பு, விரிசல் விட்ட பல், ஈறு வீக்கம் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும். சொத்தையை இப்போதைக்குத் தற்காலிக அடைப்பால் மூடலாம், நிறம் பொருத்தும் நிரந்தர அடைப்பு பிறகு. ஒற்றைப் பல் மட்டும் கறுத்திருந்தால் எக்ஸ்ரே கட்டாயம். பெரும்பாலும் எப்போதோ கீழே விழுந்து அடிபட்டு உள்ளே நரம்பு செத்த பல்லாக இருக்கும்.

காரை எடுத்த உடனேயே ஜெல் போடாதீர்கள். ஸ்கேலிங்குக்குப் பின் ஈறு இரண்டொரு நாள் புண்ணாக இருக்கும், அதன் மேல் பெராக்சைடு பட்டால் எரியும். ஒரு வாரம் இடைவெளி விடுவது நல்லது. அரசாங்கப் பல் கிளினிக்கில் ஸ்கேலிங் மிகக் குறைந்த கட்டணத்தில் முடியும், காத்திருக்கும் நாள்தான் கூடுதல். வெண்மையாக்கல் பொதுவாகத் தனியார் கிளினிக் வேலை.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப் போடுங்கள். அவசரமில்லாத சிகிச்சைக்கு அந்த நேரம் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, அடிபட்டுக் கறுத்த பல் போன்ற மருத்துவக் காரணம் இருந்தாலொழிய வேண்டாம். அவர்களுடைய பல்லின் நரம்பறை பெரியது, கூச்சம் அதிகம். பல்லில் கம்பி போட்டிருப்பவர்கள் கழற்றிய பிறகு வாருங்கள்.

கடைசியாக, நிற அட்டை. வீட்டா அட்டையில் பதினாறு மாதிரிப் பற்கள் உண்டு. வெளுப்பின் வரிசையில் பி1 முதலில், சி4 கடைசியில். நடுத்தர வயதில் தேத்தண்ணி குடிப்பவர்களுடைய பல் ஏ3, ஏ3.5 பக்கம் இருப்பது சாதாரணம். அட்டையைப் பல்லோடு ஒட்டி வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிரதியை உங்கள் கைப்பேசியிலும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் படம் இல்லாவிட்டால் பிறகு "வெளுத்ததா இல்லையா" என்ற பேச்சுக்கு முடிவே இருக்காது. எவ்வளவு வெளுக்கலாம் என்பதற்குப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நல்ல அளவுகோல் உங்கள் கண்ணின் வெள்ளை விழி. பல் அதைவிட வெளுத்தால் முகத்தில் பல் மட்டும்தான் தெரியும்.

கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வது

மொத்தம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பயன்படுத்துவது பெரும்பாலும் 25 முதல் 40 விழுக்காடு வரையான ஹைட்ரஜன் பெராக்சைடு. தோலில் பட்டால் சுடக்கூடிய வீரியம் அது. ஆகவே இந்த வேலையின் தரம் ஜெல்லில் இருப்பதைவிட அதற்கு முந்தைய இருபது நிமிட ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

முதலில் உதட்டுக்கு வாசலின் தடவி, கன்னத்தையும் உதட்டையும் விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மாட்டுவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி. பல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். பிறகு ஈறு ஓரம் நெடுகப் பசை போன்ற பிசினை மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு ஊற்றி, நீல விளக்கால் இறுகச் செய்வார்கள். இந்த வேலி பல்லின் விளிம்பில் சிறிது ஏறியும், பல்லிடைகளில் ஓட்டையில்லாமலும் இருக்க வேண்டும். பல் மருத்துவர் சிறு கண்ணாடியை வைத்துக் கீழிருந்து பார்த்து இடைவெளியைச் சரிபார்க்கிறாரா என்று கவனியுங்கள். பிசின் இறுகும்போது சூடு தெரியும். தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், விளக்கை விலக்கி விலக்கிக் காட்டுவார்கள்.

பின்னர் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஜெல். பதினைந்து அல்லது இருபது நிமிடம் விட்டு, உறிஞ்சு குழாயால் எடுத்துத் துடைத்து, புது ஜெல் போடுவார்கள். இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. எத்தனை நிமிடம், எத்தனை சுற்று என்பது அந்தந்த ஜெல் தயாரிப்பாளர் சொன்ன கணக்கு. அதற்கு மேல் "இன்னும் ஒரு ரவுண்டு" கேட்பது பேராசை, கூச்சம்தான் கூடும். முதலில் ஜெல்லை உறிஞ்சி எடுத்த பிறகே தண்ணீர் பீய்ச்ச வேண்டும். தண்ணீர் முதலில் பட்டால் ஜெல் கரைந்து ஈறிலும் உதட்டிலும் தெறிக்கும்.

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டும் நீல விளக்கு குறித்து ஒரு வார்த்தை. விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில வாரம் கழித்துப் பார்த்தால் நிறத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்பதே பல ஆய்வுகளின் முடிவு. சூடேற்றும் விளக்கு பல்லை உலர்த்தி அப்போதைக்கு அதிக வெள்ளையாகக் காட்டும், கூச்சத்தையும் கூட்டும். விளக்குக்காகக் கூடுதல் கட்டணம் கேட்டால் தாராளமாக மறுக்கலாம்.

நாற்காலியை விட்டு எழும்போது கண்ணாடியில் தெரியும் வெண்மையை நம்ப வேண்டாம். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல்லில் ஈரம் போயிருக்கும், உலர்ந்த பல் இன்னும் வெளுப்பாகத் தெரியும். ஓரிரு நாளில் ஈரம் திரும்பியதும் ஒரு படி இறங்கும். இரண்டு வாரத்துக்குப் பின் அட்டையோடு ஒப்பிடும் நிறமே உங்கள் உண்மையான நிறம். "எட்டு ஷேட் ஒரே நாளில்" என்ற பேச்சு அந்த உலர்ந்த நிமிடத்தில் எடுத்த கணக்காக இருக்கலாம்.

ஈறின் ஓரம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்து எரிந்தால் ஜெல் கசிந்திருக்கிறது. உடனே சொன்னால் கழுவிவிட்டு வைட்டமின் ஈ எண்ணெய் தடவுவார்கள். சிறிய அளவென்றால் சில மணி நேரத்தில் பழைய நிறம் வந்துவிடும், இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். "கொஞ்சம் எரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லுமிடத்தில் பொறுக்காதீர்கள். பல் கூசலாம், ஈறு எரியக்கூடாது.

வீட்டில் ட்ரே போட்டுச் செய்வது

அவசரம் இல்லாதவர்களுக்கு இதுவே சிறந்த வழி. ஹேவுட், ஹேமன் என்ற இரு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989-இல் இரவு ட்ரே முறையை வெளியிட்டார்கள். இன்றுவரை அதிகம் சோதிக்கப்பட்டது இந்த முறைதான். பல் மருத்துவர் உங்கள் பல்லை அச்செடுத்து, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே செய்து கொடுப்பார். அச்சுக்கு ஒரு நாள், ட்ரே வாங்கிப் பொருத்திப் பார்க்க ஒரு நாள், முடிவில் நிறம் பார்க்க ஒரு நாள் என்று பக்கத்து நகரமான ஈப்போவுக்கு மூன்று முறை போய்வரத் திட்டமிடுங்கள்.

ஜெல் பெரும்பாலும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு. அது வாயில் உடைந்து ஏறக்குறைய 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடையும் யூரியாவையும் தரும். முதல் இரண்டு மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வேலை செய்வதால், இரவு முழுக்கப் போட்டுக்கொண்டு தூங்க ஏற்றது. 16 விழுக்காடு வேகமானது, கூச்சமும் கூடுதல். இரண்டிலும் கடைசியில் எட்டும் நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். கூசும் பல் உள்ளவர்கள் 10-ஐக் கேட்டு வாங்குங்கள். விடியுமுன் பால்மரம் சீவவோ செம்பனைக் குலை வெட்டவோ எழுந்து போகிறவர்களுக்கும் இரவு ட்ரே தோதானது. ஒன்பதரைக்குப் போட்டு நாலரைக்கு எடுத்தால் ஏழு மணி நேரம் கணக்காகிவிடும்.

முதலில் பல் துலக்கி, பல்லிடையில் நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ட்ரேயின் உள்ளே, உதட்டுப் பக்கச் சுவரில், ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் அரிசி அளவு ஜெல் வையுங்கள். 1.2 மில்லி லிட்டர் குழலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஒரு தாடைக்குப் போதும். சிரிக்கும்போது தெரியும் பற்களுக்கு மட்டும் வைத்தால் போதும், கடைவாய்க்கு வீண். ட்ரேயை மாட்டி விரலால் மெதுவாக அழுத்துங்கள். ஈறில் பிதுங்கி வந்த ஜெல்லை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்பைத் தவிர்ப்பதால்தான் ஈறு எரிச்சல் வருகிறது. ட்ரே போட்ட பிறகு சாப்பாடு, தேத்தண்ணி, சிகரெட் எதுவும் வேண்டாம். காலையில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கழுவி, மிச்ச ஜெல்லைப் பிரஷ்ஷால் எடுத்துப் பல் துலக்குங்கள். ஜெல் சிறிது விழுங்கப்பட்டால் பயமில்லை. குமட்டினால் போட்ட அளவு அதிகம் என்று பொருள்.

மஞ்சள் பல்லுக்கு இரண்டு முதல் மூன்று வாரம், சிகரெட் பழுப்புக்கு அதைவிடக் கூடுதல். மேல் தாடையை முதலில் செய்துவிட்டுப் பிறகு கீழ்த் தாடையைத் தொடங்குவது நல்ல யோசனை. வெளுத்ததையும் வெளுக்காததையும் ஒரே வாயில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஆர்வம் குறையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் முடிவு வரும், நாள்தான் கூடும்.

நம் வெயிலில் ஜெல்தான் முதலில் கெடும். பெராக்சைடு சூட்டில் தானாகச் சிதைந்து வீரியம் இழக்கும். கிளினிக்கிலிருந்து வாங்கி மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் பசாரைச் சுற்றி வந்தால், வீட்டுக்கு வருவதற்குள் வீரியம் குறையத் தொடங்கியிருக்கும். ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள். போடுவதற்குக் கால் மணி முன்பே வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்ற ஜெல் கூசும் பல்லுக்கு ஆகாது. ட்ரேயையும் வெந்நீரில் கழுவாதீர்கள், காரின் முன்கண்ணாடி அருகே வைக்காதீர்கள். வளைந்த ட்ரே இடைவெளி விட்டு உட்காரும், ஜெல் ஈறில் வழியும். நாய் வளர்ப்பவர்கள் ட்ரேயை மூடிய டப்பாவில் உயரத்தில் வையுங்கள். எச்சில் வாடைக்கு நாய் அதைக் கடித்துக் குதறிவிடும்.

கூச்சம்

வெண்மையாக்கலில் மிக அதிகம் வரும் தொல்லை இது. பெராக்சைடு நரம்பறை வரை போவதால், காற்று பட்டாலே பல்லில் சுரீரென்று ஓடும். கிளினிக் முறையில் முதல் இருபத்துநான்கு மணி நேரம் கடுமையாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். ட்ரே முறையில் லேசாக வந்து வந்து போகும்.

தடுக்க ஒரு வழி உண்டு. தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே 5 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசையால் தினமும் இரு வேளை துலக்குங்கள். மருந்தகத்தில் வாங்கும்போது பொட்டியின் பின்னால் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், எல்லாக் கூச்சப் பற்பசையிலும் அது இருக்காது. துலக்கிய பின் துப்புங்கள், கொப்பளிக்க வேண்டாம். ட்ரே உள்ளவர்கள் அதே பற்பசையை ட்ரேயில் இட்டுப் பத்து முதல் முப்பது நிமிடம் போட்டுக்கொள்ளலாம், ஜெல்லுக்கு முன்பும் சரி, கூசும் நாளிலும் சரி. கூச்சம் அதிகமானால் இரண்டு நாள் ஜெல்லை நிறுத்துங்கள். நிறுத்தியதால் வெளுத்த நிறம் திரும்பிப் போய்விடாது.

ஐஸ் கச்சாங், செண்டோல், ஐஸ் போட்ட மைலோ எல்லாம் ஒரு வாரம் கழித்து. கொதிக்கக் கொதிக்க ரசமும் வேண்டாம். வலி மிஞ்சினால் பாராசிட்டமால் போதும். ஒரே ஒரு பல் மட்டும் இரவில் துடித்து வலித்தாலோ, ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ அது வெண்மையாக்கல் கூச்சமாக இருக்காது. விரிசலோ சொத்தையோ இருக்கலாம், கிளினிக்குக்குத் திரும்பிப் போங்கள்.

முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சாப்பாடு

கிளினிக் முறைக்குப் பின் இரண்டு நாளுக்கு நிறமற்ற உணவு சாப்பிடச் சொல்வார்கள். நம் சமையலில் மஞ்சள்தூள் இல்லாத குழம்பைத் தேடுவது சிரமம் என்பதால் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். பசியாறலுக்கு இட்லி, காரமிளகாய் சேர்க்காத வெள்ளைத் தேங்காய்ச் சட்னி, அல்லது இடியப்பமும் தேங்காய்ப்பாலும். மதியத்துக்குத் தயிர்ச்சோறு, வேகவைத்த கோழி, மஞ்சள் போடாத மீன் சூப். குழம்பு ஊற்றாத வெள்ளை மீ ஹூன் சூப்பும் ஆகும். வாழைப்பழம், பால், பச்சைத் தண்ணீர் தாராளமாக.

சாம்பார், கறி, சம்பல், கிச்சாப், தே தாரிக், கோப்பி ஓ, ரிபெனா, சிகப்புச் சிராப், பீட்ரூட் எதுவும் அந்த இரண்டு நாளில் வேண்டாம். கறை படியாது என்றாலும் எலுமிச்சை, அசாம், கார்பனேட்டட் பானம் போன்ற புளிப்பையும் தவிருங்கள், கூச்சம் கூடும். தேத்தண்ணி இல்லாமல் தலைவலி வரும் என்பவர்கள் நிறையப் பால் விட்டு, ஆறவைத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீரால் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரமாக வாய்வைத்து வாய்வைத்து உறிஞ்சுவதுதான் கறைக்கு வழி. நிற வாய்க்கழுவியும் உதட்டுச் சாயமும் அந்த இரண்டு நாளுக்கு ஓய்வெடுக்கட்டும். ட்ரே முறையில் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை, அளவோடு இருந்தால் போதும்.

சுலபத்தில் வெளுக்காத பற்கள்

சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டவர்களின் பல்லில் சாம்பலும் பழுப்புமாகக் குறுக்குப் பட்டைகள் இருக்கும். பல் உருவாகும் வயதிலேயே மருந்து டென்டினில் கலந்துவிட்டது. கிளினிக்கில் ஒரே அமர்வில் இது போகாது. 10 விழுக்காடு ட்ரே ஜெல்லை இரண்டு முதல் ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேலே போட வேண்டியிருக்கும். ஈறை ஒட்டிய கரும்பட்டை கடைசிவரை மிஞ்சலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு வெனியர் வழி உண்டு, செலவு பல மடங்கு, பல்லையும் சிறிது இழைக்க வேண்டிவரும்.

ஃபுளோரைடு கூடியதால் வந்த வெள்ளைப் புள்ளிகள் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில நாளில் அந்தப் புள்ளிகள் இன்னும் வெள்ளையாகப் பளிச்சிடும். பயந்து நிறுத்த வேண்டாம். பல்லின் மற்ற பகுதியும் வெளுக்க வெளுக்க வேற்றுமை குறையும். மிஞ்சியதற்குப் பிசின் ஊடுருவல், மேல்பரப்பை நுண்ணளவில் தேய்க்கும் முறை என்று தனிச் சிகிச்சைகள் உள்ளன.

நரம்பு செத்த பல்லுக்கு வெளியிலிருந்து மட்டும் ஜெல் போட்டால் பெரும்பாலும் போதாது. வேர்ச் சிகிச்சை முடிந்த பல் என்றால், பின்பக்கமாகத் திறந்து, வேர் அடைப்பின் மேல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சிமெண்ட் மூடியிட்டு, உள்ளே வெளுக்கும் மருந்தை வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். சில நாளுக்கு ஒருமுறை மருந்தை மாற்றுவார்கள். அந்தச் சிமெண்ட் மூடி இல்லாமல் வைத்தால் மருந்து வேருக்கு வெளியே கசிந்து, வருடங்கள் கழித்து வேரையே அரிக்கக்கூடும். செய்கிறவரிடம் மூடி வைக்கிறீர்களா என்று கேளுங்கள்.

கல்யாணத்துக்குத் தயாராகிறவர்கள்

முகூர்த்தத்துக்குப் பத்து வாரம் முன்பே பரிசோதனையும் ஸ்கேலிங்கும். அடுத்த இரண்டு வாரத்தில் சொத்தை அடைப்பு, ட்ரே அச்சு, கூச்சப் பற்பசை தொடக்கம். பிறகு மூன்று நான்கு வாரம் ட்ரே. முடித்ததும் இரண்டு வாரம் சும்மா இருங்கள். நிறம் நிலைப்பதற்கு மட்டும் இல்லை இந்த ஓய்வு. பல்லில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன், பல் நிற அடைப்பு ஒட்டுவதைக் கெடுக்கும், உடனே அடைத்தால் சீக்கிரம் பெயர்ந்துவிடும். இரண்டு வாரம் கழித்து முன்பல்லின் பழைய அடைப்புகளைப் புது நிறத்துக்கு மாற்றுங்கள். நேரமே இல்லை, கிளினிக் முறைதான் என்றால் அதையும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மருதாணி இடும் நாளில் போய் உட்கார்ந்தால், விருந்தில் பாயாசம்கூடக் கூசும்.

யாரிடம் செய்வது

மலேசியாவில் பல் வெண்மையாக்கல் பல் மருத்துவ வேலை. 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டத்தின் கீழ், பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது குற்றம். அழகு நிலையத்திலும், வாடகை அறையிலும், வீடு தேடி வந்தும் நீல விளக்கைக் காட்டி வெளுத்துத் தருகிறவர்கள் சொத்தையைப் பார்ப்பதில்லை, ஈறுக்கு வேலி போடுவதில்லை, ஜெல்லின் வீரியத்தையும் சொல்வதில்லை. கிளினிக் சுவரில் பல் மருத்துவரின் நடப்பாண்டுப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டியும் சரிபார்க்கலாம்.

பசார் மாலாமில் விற்கும் பொடியும் இணையத்தில் வரும் கரிப் பற்பசையும் பல்லைத் தேய்த்து வெளுப்பாகக் காட்டுபவை. பழைய லயங்களில் அடுப்புக்கரியும் செங்கல் தூளும் வைத்துத் துலக்கியவர்களின் பல் கழுத்தில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். எலுமிச்சையும் சோடா மாவும் கலந்து தேய்ப்பது அதைவிட மோசம். புளிப்பு எனாமலைக் கரைக்கும், மாவு அதை உரசி எடுக்கும். போன எனாமல் மீண்டும் வளராது. எனாமல் மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதால், வெளுக்கத் தேய்த்தது கடைசியில் மஞ்சளாகத்தான் முடியும்.

கட்டணம் கிளினிக்குக்குக் கிளினிக் மிகவும் மாறும், சில நூறு ரிங்கிட்டிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். விலையைக் கேட்கும்போது ஸ்கேலிங் சேர்ந்ததா, ட்ரே கொடுப்பார்களா, எத்தனை குழல் ஜெல், இரண்டு வாரத்துக்குப் பிந்தைய பார்வைக்குத் தனிக் கட்டணமா என்று நான்கையும் கேளுங்கள். ட்ரேயும் சேர்த்துத் தரும் இடம் முதலில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும், நாளைக்குத் தனி ஜெல் மட்டும் வாங்கினால் போதும்.

பிறகு

நிறம் நிரந்தரம் இல்லை. தேத்தண்ணி, கோப்பி அளவைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று வருடத்தில் மெல்ல இறங்கும். சிகரெட்டும் வெற்றிலையும் தொடர்ந்தால் சில மாதத்திலேயே கறை மேலே ஏறிவிடும். அப்போது முழுச் சிகிச்சையை மறுபடி செய்யத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங், வருடத்துக்கு ஒருமுறை பழைய ட்ரேயில் இரண்டு மூன்று இரவு ஜெல் போட்டால் போதும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தை அதற்கென்று வைத்துக்கொண்டால் மறக்காது. இடையில் ஏதாவது பல்லுக்குப் புது அடைப்போ கிரௌனோ போட்டிருந்தால் பழைய ட்ரே அந்த இடத்தில் சரியாக உட்காராது. ஜெல் வாங்கப் போகும்போது ட்ரேயையும் கையோடு எடுத்துச் சென்று பொருத்திக் காட்டுங்கள்.